தொடர்புகொள்ள விருப்பமான வழி

செந்துறை
20-1-2025

கேணிக்காவல் மொபைல் ஸ்டார்ட்டர் கம்பெனியின் கூட்டாளர் பிரிவு மேலாளர் அவர்களுக்கு அமிர்தலிங்கம் எழுதுவது.

உங்கள் படிவம் கிடைத்தது. மூன்று இமெயிலுக்கும் பதில் வராததால் தபாலில் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் செய்ததில் அது ஒன்றுதான் உருப்படியான காரியம்.

"உங்களைத் தொடர்புகொள்ள விருப்பமான வழி எது?" என்று கேட்டு நான்கு கட்டம் போட்டிருக்கிறீர்கள். இமெயில், வாட்ஸ்அப், போன், வீடியோ கூட்டம். நான்கையும் அடித்துவிட்டேன். ஐந்தாவதாக நானே ஒரு கட்டம் போட்டு "தபால்" என்று எழுதி டிக் போட்டிருக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். அரியலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் முப்பது வருஷம் வேலை செய்தேன். ஐம்பத்தொன்பது வயதில் நானே தட்டுத்தடுமாறி யூடியூப்பில் வீடியோ போடக் கற்றுக்கொண்டேன். கேணி மோட்டாரைப் போனிலேயே ஓட்டி நிறுத்தும் உங்கள் ஸ்டார்ட்டரை வாங்க, வீடியோவுக்குக் கீழே லிங்க் போடுகிறேன். அதை அழுத்தி வாங்குகிறவர்கள் உங்களை நம்பி வாங்கவில்லை, என்னை நம்பி வாங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட என்னை, போன அக்டோபர் மாத வீடியோ கூட்டத்தில், நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மைக்கை மூடிவிட்டான் உங்கள் தமிழழகன். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடிக்குள் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சேவல் கூவியதாம். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், என் வாய் அசைகிறது, யாருக்கும் கேட்கவில்லை. அன்றே அவனுக்குப் போன் போட்டு, "இனிமே எங்கிட்ட பேசணும்னா செந்துறைக்கு நேர்ல வா. மிஷின் வழியா பேசாத" என்று சொல்லிவிட்டு அவன் நம்பரை பிளாக் செய்தேன். மூன்று மாதமாகிறது. வரவில்லை. அவனுக்கும் ரோஷம் போலிருக்கிறது.

ஆனால் அவன் குரலை மட்டும் தினமும் எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்டார்ட்டரிலிருந்து வரும் எல்லா போனிலும் அவன்தான் பேசுகிறான். "அய்யா வணக்கம். மோட்டார் ஓடுகிறது." "அய்யா வணக்கம். மோட்டார் நின்றுவிட்டது." சண்டை போட்டவனின் குரலை ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்க வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து?

படிவத்தில் மேலாளர் என்று சத்யப்பிரியா என்ற பெயர் இருக்கிறது. தமிழழகன் எங்கே?

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
24-1-2025

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் கேட்டபடி இனி தபாலிலேயே எழுதுகிறேன்.

உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. தமிழழகன் நவம்பர் பதினான்காம் தேதி சாலை விபத்தில் இறந்துவிட்டார். அவர் பார்த்த வேலையை டிசம்பரிலிருந்து நான் பார்க்கிறேன். கூட்டாளர்கள் எல்லோருக்கும் இமெயிலும் வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பினோம். நீங்கள் எங்கள் செய்திகளைத் திறப்பதில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

இதைக் கடிதத்தில் படிக்க வைத்ததற்கு வருந்துகிறேன்.

சத்யப்பிரியா


செந்துறை
29-1-2025

மேலாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை பகலில் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே போன் அடித்தது. எடுத்தேன். "அய்யா வணக்கம்" என்றான்.

வைத்துவிட்டேன்.

அது பதிவு செய்த குரல் என்று எனக்குத் தெரியும். காயில் கட்டியவனுக்கு அவ்வளவு கூடத் தெரியாதா? ஆனால் இரண்டரை மாதமாக அவன் செத்தவன் என்று தெரியாமல் அவனோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். போன் வரும்போதெல்லாம், "நேர்ல வாடா, மூஞ்சியக் காட்டுடா" என்று சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறேன். செத்தவனை வா என்று கூப்பிட்டிருக்கிறேன். தினம் குரல் கேட்கிறவனைச் செத்திருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

என் பெண்டாட்டி ஜெகதாம்பாள் போனை அரிசிப் பானைக்குள் போட்டு மூடி வைத்தாள். பானைக்குள்ளிருந்தும் பேசினான்.

இரண்டு விஷயம். முதலாவது, செத்தவன் குரலை எடுத்துவிட்டு வேறு ஆள் குரலைப் போடுங்கள். எனக்கு மட்டும் ஒரு நாளைக்குப் பதினான்கு கேணியிலிருந்து வருகிறது. இரண்டாவது, அவன் எந்த ரோட்டில் செத்தான் என்று எழுதுங்கள்.

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
1-2-2025

அய்யா,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் எங்கள் மெக்கானிக் ராஜராஜன். இதைப் படித்து முடித்ததும் தயவுசெய்து அவரோடு கிளம்புங்கள். காலையிலிருந்து உங்களுக்கு ஆறு தடவை போன் செய்தேன். நான் "அய்யா வணக்கம்" என்றதும், பெண் குரல் என்றுகூடப் பாராமல் வைத்துவிடுகிறீர்கள்.

பதினான்கு கேணி என்று எழுதியிருந்தீர்கள். ஒரு ஸ்டார்ட்டர் அதன் சொந்தக்காரருக்கு மட்டும்தான் பேசும். எங்கள் பதிவில் தேடினேன். ஒன்பதாம் லாட்டில், அதாவது ஒன்பதாவது தடவையாகத் தயாரித்த சரக்கில், பதினான்கு ஸ்டார்ட்டர்கள் உங்கள் ஒரே போன் நம்பரில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் கடை வைத்திருக்கிறீர்கள், சரக்கு இருப்பில் இருக்கிறது என்று நினைத்து ஆபீஸில் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அந்த லாட்டில் பழுது இருக்கிறது. மழை ஈரம் இறங்கினால் உள்ளே மூன்று கரண்ட் லைனில் ஒன்று விடாமல் ஒட்டிக்கொள்கிறது. நிறுத்தச் சொன்னால் மோட்டார் நின்றுவிடும். குரலும் "மோட்டார் நின்றுவிட்டது" என்று சொல்லும். ஆனால் ஒயரில் கரண்ட் இருக்கும். அந்தக் குரலை நம்பி யாரும் கேணியில் இறங்கக் கூடாது.

மற்றவர்கள் எல்லோருக்கும் நவம்பரிலேயே சொல்லி மாற்றிவிட்டோம். மிச்சம் இருப்பவை உங்கள் பதினான்குதான். அவை யார் கேணியில் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். கிளம்புங்கள் அய்யா.

சத்யப்பிரியா


செந்துறை
6-2-2025

சத்யப்பிரியாவுக்கு,

பதினான்கில் பதின்மூன்றைக் கழற்றிவிட்டோம். ராஜராஜன் நல்ல வேலைக்காரன். மூன்று நாள் அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன்.

பதினான்கும் ஏன் என் நம்பரில் இருந்தன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். உங்கள் படிவத்தில் இமெயில் கேட்கிறது, அதற்கு ஒரு ரகசிய எண் வரும் என்கிறது, அதை இரண்டு நிமிஷத்தில் திருப்பிப் போடு என்கிறது. கடலைக்காட்டில் நிற்கிறவனிடம் இமெயில் ஏது? நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். முதல் நம்பர் என்னுடையது. இரண்டாவது நம்பராக அவர்களுடையதை மிஷினுக்குள் நானே ஏற்றிக் கொடுத்தேன், இரண்டு நம்பருக்கும் பேசும். அவர்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். உங்கள் எச்சரிக்கை எல்லாம் என் ஒருவன் போனுக்கு வந்து, நான் திறக்காத பெட்டியில் கிடந்திருக்கிறது.

தா.பழூர் பக்கம் வேணுகோபால் என்று ஒருவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். நாங்கள் போனபோது அவர் வலது கை இரண்டு விரல் மடங்காமல் இருந்தது.

"என்னய்யா கை?"

"அது மார்கழில பட்டுதுண்ணே. மோட்டாரு நின்னுபோச்சின்னு போன்ல சொல்லிச்சு. பைப்புல அடைப்பு எடுக்கலாம்னு எறங்கி ஒயர ஒதுக்குனேன். தூக்கிப் போட்டுடுச்சு. நல்லவேள, தண்ணியில விழாம படியில விழுந்தேன்."

"எங்கிட்ட ஏன்யா சொல்லல?"

"நீங்க பாத்து வாங்கிக் குடுத்த பொருளு. அதப் போயி எப்படிக் கொற சொல்றது? எங்கையிதான் ஈரமா இருந்துச்சோன்னு விட்டுட்டேன்."

அவர் பெண்டாட்டி பொன்னம்மாள் உள்ளேயிருந்து, "வெரலு வெளங்காமப் போனாலும் போவட்டும், அண்ணன் மனசு நோவக் கூடாதாம். இந்த மனுசன என்னா பண்றது" என்றாள். அதற்கு ராஜராஜன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வீட்டு மோரை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் வந்துவிட்டேன்.

பழுது உங்களுடையது. அதை நான் விடமாட்டேன். மூடிக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அக்டோபரிலேயே சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் என் மைக்கை மூடினீர்கள். மூடாமல் இருந்திருந்தால் அந்த நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கும்.

எந்த ரோடு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
10-2-2025

மதிப்பிற்குரிய அய்யாவுக்கு,

வேணுகோபால் அவர்களை வரச் சொல்லுங்கள். கம்பெனி செலவில் இங்கே கைக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டேன். மூடியைப் பற்றி நீங்கள் அக்டோபரில் சொன்னதை எழுத்தில் முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள்தான் என்று அதில் இருக்கிறது.

குரலை மாற்றும் வேலை நடக்கிறது. புது லாட்களில் மார்ச் ஒன்று முதல் வேறு குரல் வரும். ஒன்பதாம் லாட்டில் குரல் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டிலேயே இருப்பதால் இங்கிருந்து மாற்ற முடியாது. போர்டு திரும்பி வந்தால் அதோடு போய்விடும். உங்கள் சொந்தக் கேணியில் இருக்கும் பதினான்காவதை மட்டும் நீங்கள் கொடுக்கவில்லை என்று ராஜராஜன் சொன்னார். தயவுசெய்து அனுப்பிவையுங்கள்.

விபத்து அரியலூர் ரோட்டில் நடந்தது.

சத்யப்பிரியா


செந்துறை
13-2-2025

சத்யப்பிரியாவுக்கு,

பெரம்பலூரிலிருந்து கிழக்கே எங்கே போவதானாலும் அரியலூர் ரோடு என்று சொல்லிவிடலாம். நான் கேட்பது அது இல்லை. அரியலூருக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?

அந்தப் பக்கம் என்றால் அவன் வேறு எந்த வேலையாகவோ போயிருப்பான். இந்தப் பக்கம் என்றால் செந்துறைதான். செந்துறையில் அவனுக்கு என்னைத் தவிர யாரும் கிடையாது.

ராஜராஜனிடம் பைக்கில் போகும்போது கேட்டேன். "எனக்குத் தெரியாதுங்கய்யா, அக்காவக் கேளுங்க" என்றான். தெரியாதவன் வண்டியை ஏன் அவ்வளவு மெதுவாக்கினான்?

இன்னொன்றும் சொல்கிறேன். பதின்மூன்று பெட்டியும் போனபிறகு வீடு அமைதியாகிவிட்டது. என்னுடையது மட்டும் காலையும் மாலையும் கரண்ட் வரும்போது பேசுகிறது. இப்போது தூக்கமே இல்லை. ஜெகதாம்பாள் என்னிடம், "போன் வந்தா பயப்படுறீங்க, வரலன்னாலும் பயப்படுறீங்க. எதுக்குத்தான் மந்திரிக்கிறது?" என்கிறாள்.

எழுதாமல் விட்டால் நேரில் வந்து உங்கள் ஆபீஸ் வாசலில் உட்காருவேன். செய்யமாட்டேன் என்று நினைக்காதீர்கள்.

அமிர்தலிங்கம்


பெரம்பலூர்
18-2-2025

அய்யாவுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அக்டோபர் கூட்டத்தில் உங்கள் மைக்கை மூடியது தமிழழகன் இல்லை. நான். அப்போது நான் அவருக்கு உதவியாளர். கூட்டத்தை என் கம்ப்யூட்டரிலிருந்துதான் நடத்தினோம். சேவல் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை என்று நானாகத்தான் மூடினேன். நீங்கள் போனில் திட்டியபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "விடுங்கக்கா, பெரியவரு எம்மேல கோவப்பட்டா ஒரு மாசத்துல மறந்துருவாரு. உங்க மேல பட்டா மறக்கமாட்டாரு" என்றார்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி பழுது தெரிந்தது. உங்கள் நம்பரில் பதினான்கு இருப்பதை அவர் அன்றே பார்த்துவிட்டார். "அய்யா கடையெல்லாம் வைக்கலக்கா. ஊருக்கே ஃபார்ம் நெரப்பிக் குடுத்திருப்பாரு" என்றார். உங்களைப் புரிந்துவைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நான் உட்பட மற்றவர்கள் கடைச் சரக்கு என்றே நினைத்துவிட்டோம்; பதினான்கு கேணி என்று நீங்கள் எழுதிய பிறகுதான் அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. இமெயில் அனுப்பினார். வாட்ஸ்அப் போகவில்லை. அவர் போனும் போகவில்லை.

பதினான்காம் தேதி காலையில் என் போனை வாங்கி உங்களைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நீங்கள் எடுத்தீர்கள். "அய்யா வணக்கம், மோட்டார்" என்று ஆரம்பித்தார். வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டார். "அய்யா வணக்கம்" என்றார். வைத்துவிட்டீர்கள். மூன்றாவது தடவை, "அய்யா, நான்தான்" என்பதற்குள் வைத்துவிட்டீர்கள்.

அவர் சிரித்தார். "என்னைய மிஷின்னு நெனச்சுட்டாருக்கா. எங்கொரலே எனக்கு எதிரியாப் போச்சு. சரி, நேர்ல வான்னுதான சொன்னாரு, போயிட்டு வரேன்" என்றார். உங்கள் பெட்டிக்கென்று புது போர்டு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் போகச் சொன்னேன். பதினான்கு கேணிக்கும் அலைய பைக்தான் சரி என்றார்.

அரியலூருக்கு உங்கள் பக்கம்தான் அய்யா. செந்துறை ரோட்டில், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்றுக்குப் பின்னால். அந்த போர்டு நனையவில்லை.

நானும் அந்த ரோட்டில் இன்னும் வரவில்லை. அதனால்தான் முதலாம் தேதி ராஜராஜனை அனுப்பினேன்.

சத்யப்பிரியா


செந்துறை
24-2-2025

சத்யப்பிரியாவுக்கு,

என் போனில் பழைய அழைப்புகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் எதையும் அழிப்பதில்லை. நவம்பர் பதினான்கு, காலை பத்து நாற்பது, பத்து நாற்பத்தொன்று, பத்து நாற்பத்திரண்டு. மூன்றும் ஒரே நம்பர். எந்த நம்பர் எந்தக் கேணி என்று பார்ப்பதை நான் விட்டு நாளாகியிருந்தது. அன்று கடலைக்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். ஒரே கேணி மூன்று தடவை கூப்பிடுகிறதே, கரண்ட் விட்டுவிட்டு வருகிறது போல என்று நினைத்தது இப்போது ஞாபகம் வருகிறது.

அவன் குரலில் மிஷினுக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

மைக்கை மூடியது நீ. அதை மறக்கமாட்டேன், அவன் சொன்னது சரி. பெட்டியில் பழுதை வைத்து விற்றது உன் கம்பெனி. அதையும் விடமாட்டேன். வேணுகோபாலுக்குக் கை சரியாகும் வரை உங்கள் லிங்க் எதுவும் என் வீடியோவுக்குக் கீழே இருக்காது. ஆனால் போனை வைத்தது நான். அதை உங்கள் கணக்கில் எழுத முடியாது.

பதினான்காவது ஸ்டார்ட்டரைத் தரமாட்டேன். பயப்படாதே, கேணியிலிருந்து கழற்றிவிட்டேன், மோட்டாருக்குப் போகும் ஒயர் எதுவும் இல்லை. வீட்டில் சுவரில் மாட்டி, கரண்ட் வருவதை அறியும் கம்பியை மட்டும் கொடுத்திருக்கிறேன். அதனால் யாருக்கும் ஆபத்தில்லை. காலையும் மாலையும் கரண்ட் வந்ததும் கூப்பிடுகிறது. சண்டைக்குப் பிறகு "வணக்கம்" என்றதும் வைத்துவிடுவேன், கரண்ட் வந்தால் அது என்ன சொல்லும் என்று ஒரு நாளும் கடைசிவரை கேட்டதில்லை. உன் கடிதம் வந்த அன்று மாலை வைக்கவில்லை.

"எங்கேர்ந்துடா பேசுற" என்று கேட்டேன்.

"அய்யா வணக்கம். மின்சாரம் வந்துவிட்டது" என்றான். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. நாற்காலி நகரும் சத்தம். பிறகு மெதுவாக, "போதுமாக்கா?" என்று கேட்டான். அதோடு நின்றுவிட்டது.

மறுநாளும் கேட்டேன். அதேதான். பதிவு செய்தவர்கள் கடைசியை வெட்ட மறந்திருக்கிறீர்கள். அக்கா என்று அவன் கேட்டது உன்னைத்தானே?

அன்று அனுப்பாமல் வைத்திருந்த படிவத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். "தபால்" என்ற கட்டம் அப்படியேதான் இருக்கிறது, அதை மாற்றமாட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் போட்டு "அவசரத்துக்குப் போன்" என்று எழுதியிருக்கிறேன். உன் நம்பரைப் பெயர் போட்டுச் சேர்த்துவிட்டேன். இருந்தாலும் ஒரு விதி இருக்கிறது, அதையும் உங்கள் பதிவில் ஏற்றிக்கொள். கூப்பிட்டால் வணக்கம் சொல்லாதே. பேசாமல் இரு. நான் எங்கேயிருந்து பேசுற என்று கேட்பேன். இருக்கும் இடத்தைச் சொல்லு. இந்த ஒரு கேள்விக்கு மிஷினால் பதில் சொல்ல முடியாது. அன்றைக்கு இதைக் கேட்டிருந்தால், பெரம்பலூர் ஆபீஸ்லேர்ந்துதான்யா என்று அவன் சொல்லியிருப்பான்.

அவன் போதுமா என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்? அதை எழுது. அவன் கேட்டுவிட்டு நிற்கிறான். பதில் இல்லாமல் இரண்டு வேளையும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

அமிர்தலிங்கம்